மறுவாழ்வு உளவியல்: தைரியம் சொல்வதுதான் வேலையா?

கேள்வி இதுதான்: "உளவியல் முதுகலை படிக்கிறேன். மறுவாழ்வு உளவியல் என்று ஒரு பிரிவு இருக்கிறதாமே? விபத்திலோ பக்கவாதத்திலோ கை, கால் செயலிழந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் அந்த வேலையா? பிசியோதெரபிஸ்டே கிடைக்காத நாடுகளில் இதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா, இல்லை இது பணக்கார நாடுகளின் ஆடம்பரமா?"

முதல் பாதிக்குப் பதில், இல்லை. இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னிடம் அனுப்பப்பட்டவர். நாற்பது வயது இருக்கும். உயரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஐந்து மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று, மூன்று முறை அட்மிஷன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னால் குடிப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றச் சொன்னால் செய்வதில்லை. 'ஒத்துழைப்பில்லை, மனச்சோர்வு இருக்கலாம், கவுன்சலிங் தேவை' என்று கோப்பில் எழுதி என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நானும் மனச்சோர்வுக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டுதான் போனேன். அரை மணி நேரம் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் வீட்டுக் கழிவறைக் கதவின் திறப்பு 61 செ.மீ. சக்கர நாற்காலியின் அகலம் 64. அந்த மூன்று சென்டிமீட்டருக்காக ஒவ்வொரு முறையும் மனைவியை எழுப்பித் தூக்கிவிடச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து தூங்குகிறவரை ராத்திரியில் இரண்டு தடவை எழுப்ப இவருக்கு மனம் வரவில்லை. படுக்கையிலேயே செய்துகொள்ளலாமே என்றேன். அதே அறையில் வளர்ந்த மகள்களும் படுத்திருக்கிறார்கள் என்றார். அதனால் மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீரையே தொடுவதில்லை. அவருக்கு மனச்சோர்வு இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவரைத் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுத்தது மனச்சோர்வு இல்லை, கதவு. நிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரை மாட்டினார்கள். அடுத்த நாலு மாதம் தொற்று வரவில்லை.

இதில் உளவியலாளர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார், தச்சர்தானே செய்தார் என்று தோன்றலாம். மூன்று முறை அட்மிஷன் ஆகியும் யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். "ஏன் குடிப்பதில்லை?" என்று அதட்டியவர்கள் உண்டு. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது, ஒரு ராத்திரி எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து கேட்டவர் இல்லை.

இந்தத் துறையின் வேரே அங்கேதான் இருக்கிறது. ஒருவரின் நடத்தை அவருடைய குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, அவரும் அவருடைய சூழலும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன என்றார் உளவியலாளர் குர்ட் லெவின். அவரிடம் பயின்ற டமாரா டெம்போவும் பியாட்ரிஸ் ரைட்டும் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பியவர்களிடம் போனார்கள். 1956-ல் வந்த அவர்களுடைய ஆய்வும், 1960-ல் ரைட் எழுதிய புத்தகமும்தான் இன்றைக்கும் அடித்தளம். அமெரிக்க உளவியல் சங்கத்தில் இதற்கென்று 22-ஆம் பிரிவு 1958-லேயே வந்துவிட்டது.

அவர்கள் கண்டதில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, பரவல். ஒரு குறை தெரிந்ததும், அது ஆளின் மற்ற எல்லாவற்றுக்கும் பரவிவிட்டதாகப் பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். பார்வையில்லாதவரிடம் உரக்கப் பேசுவது, சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கூட வந்தவரிடம் கேட்பது எல்லாம் இந்த வகைதான். இரண்டாவது இன்னும் கூர்மையானது. ஒன்றை இழந்தவர் துக்கப்பட்டே ஆக வேண்டும் என்று பார்ப்பவர் எதிர்பார்க்கிறார். அந்த ஆள் சிரித்துவிட்டால் "உள்ளுக்குள் அழுகிறார், மறைக்கிறார்" என்பார்கள். அழுதால் "பார்த்தீர்களா" என்பார்கள். எப்படியும் தப்ப முடியாது.

பார்ப்பவர் கணக்குக்கும் வாழ்பவர் கணக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளந்தும் இருக்கிறார்கள். 1994-ல் அமெரிக்காவில் அவசர சிகிச்சை ஊழியர்கள் 233 பேரிடம், "கடுமையான தண்டுவட காயத்தோடு பிழைத்தால் உயிரோடு இருப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி இருக்குமா?" என்று கேட்டார்கள். இருக்கும் என்றவர்கள் 18 சதவீதம். உண்மையிலேயே அந்தக் காயத்தோடு வாழ்கிறவர்களில், உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்றவர்கள் 92 சதவீதம். மூச்சுவிட உதவும் குழாய் போடலாமா வேண்டாமா என்று நடு ராத்திரியில் முடிவெடுக்கிறவர்கள் அந்த முதல் கூட்டத்துக்காரர்கள். காலம் மாறியிருக்கும் என்று நினைத்தால், 2021-ல் வந்த ஆய்வில் 714 அமெரிக்க மருத்துவர்களில் 82.4 சதவீதம் பேர், கணிசமான இயலாமை உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட மோசம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்காக எதிர்ப்பக்கம் போய், "மனிதன் எல்லாவற்றுக்கும் பழகிவிடுவான்" என்றும் சொல்ல முடியாது. லாட்டரி விழுந்தவரும் விபத்தில் முடங்கியவரும் கொஞ்ச நாளில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு கதை மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. அது 1978-ல் பிரிக்மன் குழு செய்த ஆய்வு. அதில் அப்படி வரவே இல்லை. ஐந்துக்கு லாட்டரிக்காரர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 2.96. வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. மற்றவர்கள் நினைத்த அளவுக்கு அவர்கள் கீழே போகவில்லை, அவ்வளவுதான். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து ரிச்சர்ட் லூகாஸ் 2007-ல் காட்டியதும் அதுதான்: நீண்டகால இயலாமை வந்த பிறகு வாழ்க்கைத் திருப்தி இறங்குகிறது, சராசரியாகப் பார்த்தால் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று படிப்படியாக ஏறுவார்கள் என்ற பாடத்தையும் தயவுசெய்து வார்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்டுவட காயம் பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே ஓரளவு நிலையாக இருந்தவர்கள்தான் அதிகம். இன்னொரு பக்கம், பக்கவாதத்துக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இரண்டும் உண்மை. யாருக்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் படிப்பு தேவைப்படுகிறது.

அந்தப் படிப்பு எங்கே உதவும் என்று கொஞ்சம் நெருங்கிக் காட்டுகிறேன். மனச்சோர்வுக்கு உலகெங்கும் பயன்படுத்துகிற பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள். அவற்றில் தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவு மெதுவாவது ஆகிய ஐந்தும் மூளைக் காயத்தாலோ, வலியாலோ, மாத்திரையாலோ தானாகவே வரக்கூடியவை. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து மட்டும் மாத்திரை எழுதினால் தவறான ஆளுக்குப் போகும். தலைகீழாகவும் நடக்கும். பக்கவாதம் வந்தவர் ஒன்றுமே இல்லாததற்குத் தேம்பித் தேம்பி அழுவார். பல நேரம் அது துக்கமே இல்லை, அழுகையைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பழுதாகியிருக்கும். "என்ன நினைத்து அழுதீர்கள்?" என்று கேட்டால், "எதையும் நினைக்கவில்லை, தானாக வருகிறது" என்பார். வலது மூளை பாதிக்கப்பட்டவர் தன் இடது கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார். வீட்டார் அதைப் பிடிவாதம் என்பார்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டவர் காலை முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார், எழுந்து வா என்று கூப்பிட்டால் மட்டும் வருவார். "சோம்பேறியாகிவிட்டார்" என்று மனைவி சொல்வார். எதையும் தொடங்கும் திறன்தான் போயிருக்கிறது, சோம்பல் இல்லை என்று அவருக்கு விளங்க வைத்துவிட்டால் அந்த வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

உளவியலாளர் எட்வர்ட் டாப் சொன்ன 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை'யும் இந்த வகைதான். பலவீனமான கையைப் பயன்படுத்தித் தோற்றுத் தோற்று, அந்தக் கையை மறந்துவிட மூளை பழகிக்கொள்கிறது. பிறகு கையில் கொஞ்சம் பலம் திரும்பினாலும் அது மடியில் சும்மா கிடக்கும். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பலவீனமான கையை வேலை வாங்கும் சிகிச்சை இதிலிருந்து வந்ததுதான். நடத்தை உளவியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்து பிசியோதெரபி அறைக்கு வந்த விஷயம்.

சரி, உலக சுகாதாரத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 கணக்குப்படி கணிசமான இயலாமையோடு வாழ்கிறவர்கள் 130 கோடி பேர், அதாவது ஆறில் ஒருவர். மறுவாழ்வு சிகிச்சையால் பயனடையக்கூடிய உடல்நிலை உள்ளவர்கள் 2019-ல் 241 கோடி. எண் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. முதுகுவலி, எலும்பு முறிவு, செவித்திறன் குறைவு, பக்கவாதம் எல்லாம் அதில் சேர்த்தி. சில ஏழை நாடுகளில் பத்து லட்சம் பேருக்குப் பத்து மறுவாழ்வுப் பணியாளர்கள்கூட இல்லை.

ஆனால் இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதிலேயே உளவியல் புகுந்துவிடுகிறது. 2011-ல் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இயலாமை உள்ளவர்கள் 2.21 சதவீதம் என்றது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வெளியிட்ட இயலாமை பற்றிய அறிக்கை, உலக அளவில் சுமார் 15 சதவீதம் என்றது. வரையறையும் அளவுகோலும் வேறு என்பது ஒரு காரணம். கேட்கிற விதம் இன்னொன்று. "உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் இருக்கிறாரா?" என்று வாசலில் நின்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? வாஷிங்டன் குழு என்று அழைக்கப்படும் புள்ளியியல் குழு அந்தச் சொல்லையே கேள்விகளிலிருந்து தூக்கிவிட்டது. "நடக்கவோ படி ஏறவோ சிரமம் இருக்கிறதா? இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது" என்பதுபோல ஆறு கேள்விகள். வெட்கத்துக்கு இடம் கொடுக்காத கேள்விகள். ஒரு குறை உண்டு: அந்த ஆறில் மனப் பதற்றமோ சோர்வோ கிடையாது. அதற்கு நீண்ட வடிவத்துக்குப் போக வேண்டும்.

சொல் பற்றிப் பேசும்போது ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு வகைப்பாடு உடலில் உள்ள பாதிப்பு, அதனால் ஒரு செயலைச் செய்ய முடியாமை, சமூகத்தில் பங்கெடுக்க முடியாமை மூன்றையும் தனித்தனியே பார்க்கிறது. சூழலைத் தடையாகவோ துணையாகவோ கணக்கில் எடுக்கிறது. நமக்கோ 'ஊனம்' என்று ஒரே சொல், அதை விட்டால் 'மாற்றுத்திறன்' என்று மரியாதையான இன்னொரு சொல். கால் செயலிழந்ததற்கும் கதவு குறுகலாக இருப்பதற்கும் ஒரே பெயர் வைத்தால் எதைச் சரிசெய்வது என்றே குழம்பிவிடும். நான் உடலில் உள்ளதைக் 'குறைபாடு' என்றும், உடலும் சூழலும் மோதும்போது வருவதை 'இயலாமை' என்றும் எழுதுகிறேன். மரியாதையில் குறை வைப்பதற்காக அல்ல.

எண்களைவிட எடை போடுவதில்தான் பெரிய சிக்கல். எந்த நோய்க்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்க, நோயால் இழக்கும் ஆரோக்கியமான ஆண்டுகளை எண்ணும் டாலி (DALY) என்ற அலகு 1993-ல் உலக வங்கி அறிக்கை வழியாக வந்தது. இயலாமையோடு வாழும் ஆண்டுகளுக்கு 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எடை போட்டு, அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு கூட்டுவார்கள். 1990-களில் அந்த எடையை நிர்ணயித்தவர்கள் சுகாதார வல்லுநர்கள். அவர்களிடம் கேட்ட கேள்வியின் வடிவம் இது: "நலமாக உள்ள 1,000 பேருக்கு ஓர் ஆண்டு ஆயுள் கொடுப்பதற்கு ஈடாக, பார்வையற்ற எத்தனை பேருக்கு ஓர் ஆண்டு கொடுப்பீர்கள்?" டெம்போவும் ரைட்டும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்த அதே பிழையை ஒரு சூத்திரத்துக்குள் ஊற்றிவிட்டார்கள். கடும் கண்டனத்துக்குப் பிறகு 2010 சுற்றில் முறை மாறியது. ஐந்து நாடுகளிலும் இணையத்திலுமாகச் சுமார் 30,000 பொதுமக்களிடம் இரண்டு பேரை வர்ணித்து யார் ஆரோக்கியமானவர் என்று கேட்டார்கள். முன்னேற்றம்தான். ஆனாலும் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாழ்க்கை வெறும் வர்ணனை. சில நிலைகளில் சிகிச்சை பெற்றவர், பெறாதவர் என்று பிரித்திருக்கிறார்கள். வாசலில் சாய்தளம் இருக்கிறதா, படி இருக்கிறதா என்பது எந்த எடையிலும் வராது.

இது ஏட்டுச் சண்டை இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, தீவிர சிகிச்சை யாருக்கு என்று பார்க்க பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு, உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளக்கும் ஓர் அளவுகோலைப் பரிந்துரைத்தது. அன்றாட வேலைக்கு அடுத்தவர் உதவி தேவைப்பட்டால் அதில் மதிப்பெண் ஏறும். அப்படிப் பார்த்தால் மூளை முடக்குவாதத்தோடு ஆரோக்கியமாக வாழும் இருபத்தைந்து வயதுக்காரரும் பட்டியலில் கீழே போய்விடுவார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே, நிலையான நீண்டகால இயலாமை உள்ளவர்களுக்கும் இளையவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று திருத்தினார்கள்.

இனி உங்கள் 'ஆடம்பரம்' கேள்வி. பணியாளர் இல்லாத இடத்தில் எல்லோரும் சொல்லும் தீர்வு "குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும்". கேட்க நன்றாக இருக்கும், செலவும் இல்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து அட்டெண்ட் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. 2017-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் இரு குழுவிலும் 47 சதவீதம். பயிற்சி பெற்ற குடும்பத்துக்கும் பெறாத குடும்பத்துக்கும் வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கும் மருமகளின் தலையில் இன்னொரு பொறுப்பை ஏற்றுவதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. இந்த முடிவை வைத்து எதுவும் பலிக்காது என்றும் சொல்ல முடியாது, குடும்பத்தை இலவசப் பணியாளராக எண்ணித் திட்டம் போடாதீர்கள் என்று சொல்லலாம்.

பலித்த உதாரணமும் உண்டு, ஆனால் அது மனநலத் துறையிலிருந்து. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய நட்பு பெஞ்ச். கிளினிக்குக்கு வெளியே ஒரு பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. அங்கே 'மனச்சோர்வு' என்ற சொல் கிடையாது. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது. நாம் "ஒரே யோசனையா இருக்கு" என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு ஒரு வழி தேடுவது. 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. அட்டெண்டுக்கும் இதற்கும் நோய் வேறு, அளந்தது வேறு, நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று என் கண்ணில் படுகிறது: இங்கே கற்றுக்கொள்பவர் நோயாளியின் வீட்டுக்காரர் இல்லை, அவருக்கு மேற்பார்வை உண்டு, உரையாடல் தொடங்குவது வந்தவர் சொல்லும் பிரச்சினையிலிருந்து.

மறுவாழ்வில் இந்தப் பாட்டியின் இடத்துக்குப் பொருத்தமானவர் அதே காயத்தோடு ஐந்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவர். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படித் தாவுவது, அரை மணிக்கு ஒரு முறை உடலைத் தூக்கி எப்படிப் படுக்கைப்புண்ணைத் தவிர்ப்பது, தாம்பத்தியம் பற்றி மனைவியிடம் எப்படிப் பேச்செடுப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும்போது இருக்கும் எடை என் வாயிலிருந்து வந்தால் இல்லை. இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, மறுவாழ்வைப் பற்றிச் சொல்லும்போதே, அதே நிலையில் வாழும் சக மனிதரின் ஆதரவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதற்குச் சம்பளம் ஒதுக்கிய திட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தன்னார்வம் என்ற பெயரில் பேருந்துக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது.

இயலாமை உரிமை இயக்கத்தில் பலருக்கு நம் துறை மேல் சந்தேகம் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "உலகத்தைத் திருத்தாமல் எங்களைத் திருத்த வருகிறீர்கள்" என்று 1970-களிலிருந்தே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரும்பகுதி நியாயம். ஆனால் கதவைப் பெயர்த்த பிறகும் ராத்திரி வலி இருக்கும், பயம் இருக்கும், மூளைக் காயத்தில் ஞாபகம் போயிருக்கும். சாய்தளம் கட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே, ஆடம்பரமா என்றால் இல்லை. ஆனால் அறை எடுத்து, நாற்காலி போட்டு, வாரம் ஒரு மணி நேரம் பேசுகிற வடிவத்தில் வந்தால் ஆடம்பரம்தான். ஏழை நாட்டில் ஓர் உளவியலாளர் ஐம்பது நோயாளிகளை நேரடியாகப் பார்ப்பதைவிட, பத்து சக வழிகாட்டிகளுக்கும் நாலு தெரபிஸ்டுகளுக்கும் பின்னால் நின்று, சிக்கலானவர்களை மட்டும் தானே பார்ப்பது மேல்.

நீங்கள் பயிற்சிக்கு இடம் தேடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் உண்டா? இயலாமையோடு வாழும் யாராவது அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கட்டடம் எப்படி இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள். முதல் மாதம் கவுன்சலிங் அறைக்குப் பதிலாக நர்ஸுகளோடும் பிசியோதெரபிஸ்டுகளோடும் சுற்றுங்கள். கதீட்டர் எப்படிப் போடுகிறார்கள், நாற்காலி மெத்தையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். பையில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும்.